நீலகிரி நெட்டைக்காலி: புல்மேட்டுக் குருவியைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டிக்கு மேற்கே உள்ள புல்மேடுகளுக்கு வருகிறவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள், பிள்ளைகளைக் கூட்டிவரும் ஆசிரியர்கள், மரக்கன்றோடு வந்து இறங்கும் இளைஞர்கள் என்று எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே எழுதி, கீழே பதிலும் தந்திருக்கிறேன். முதலில் எளிய கேள்விகள் வரும், சிக்கலானவை பின்னால்.

"புல்லுக்குள்ள ஒரு சின்னக் குருவி ஓடுதே, அது சிட்டுக்குருவியா?"

இல்லை. அதன் பெயர் நீலகிரி நெட்டைக்காலி. நிறமும் அளவும் சிட்டுக்குருவியை நினைவூட்டும், ஆனால் இரண்டுக்கும் நெருங்கிய உறவு கிடையாது. இது வாலாட்டிக் குருவிகளின் குடும்பம். குளிர்காலத்தில் ஊட்டி ஓடைக்கரைகளில் வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே நடக்கும் சாம்பல் வாலாட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதன் பங்காளிதான் இது. சிட்டுக்குருவி தத்தித் தத்திப் போகும். இது ஒரு காலை எடுத்து வைத்து, அடுத்த காலை எடுத்து வைத்து நடக்கும், ஓடும்.

அலகைப் பார்த்தால் சந்தேகமே இருக்காது. விதை உடைத்துத் தின்னும் பறவைகளுக்கு அலகு குட்டையாக, தடித்துக் கூம்பு போல இருக்கும். இந்த மலையில் கூட்டமாகத் திரியும் சில்லைகளுக்கு அப்படித்தான். குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வந்துபோகும், ஆணுக்குத் தலையும் மார்பும் சிவந்த குருவிக்கும் அப்படித்தான். நெட்டைக்காலிக்கு அலகு மெலிந்து நீண்டிருக்கும். பூச்சி பிடிக்கிற அலகு அது.

"எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது? எல்லாமே பழுப்பாத்தானே இருக்கு!"

பழுப்புதான், ஆனால் வெறும் பழுப்பு இல்லை. சுமார் 17 சென்டிமீட்டர் நீளம். முதுகில் செம்பழுப்பு, அதன்மேல் அழுத்தமான கறுப்புக் கீற்றுகள். கண்ணுக்கு மேலே வெளிறிய புருவக்கோடு. மார்பு மங்கலான சந்தன நிறம், அதில் கருங்கோடுகள். அந்தக் கோடுகள் மார்போடு நிற்காமல் இரண்டு பக்கமும் விலா வழியாகக் கீழே இறங்கும். இந்தக் கடைசி அடையாளத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடியும் தேவைப்படும். ஆணும் பெண்ணும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும்.

காய்ந்த புல்லில் அது அசையாமல் நின்றால், பத்தடி தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியாது. முதுகுக் கீற்றுகள் அப்படியே புல்தாளின் நிழலோடு சேர்ந்துவிடும். அது ஓடும்போதுதான் "ஓ, அங்கே இருக்கிறதா" என்று கண்ணுக்குப் பிடிபடும்.

"வேலிக் கம்பி மேல கறுப்பா ஒண்ணு உட்கார்ந்திருந்துச்சே, அதுதானே?"

அது புதர்ச்சிட்டு. ஆண் கறுப்பு, இறக்கையில் வெள்ளைத் திட்டு. பெண் கரும்பழுப்பு. புல்மேட்டில் எல்லோர் கண்ணிலும் முதலில் படுவது அதுதான். கம்பி, கல், செடிநுனி என்று எங்கேயாவது எடுப்பாக உட்கார்ந்திருக்கும். சாலையோரத்திலும் தோட்டத்திலும் வாழப் பழகிய பறவை. நெட்டைக்காலிக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை என்பதுதான் இந்தப் பக்கத்தின் பாதிக் கதை.

"எங்க ஊர் வயல்லயே இதைப் பார்த்திருக்கேன். கோயம்புத்தூர் பக்கம் நிறைய இருக்குமே?"

நீங்கள் பார்த்தது வயல் நெட்டைக்காலி. சமவெளியில் உழுத நிலம், வரப்பு, மைதானம் என்று எல்லா இடத்திலும் இருக்கும். அதற்குக் கால் நீளம், நெஞ்சை நிமிர்த்தி நிற்கும். மார்பில் மட்டும் லேசாகக் கோடு இருக்கும், விலா வெறுமையாக இருக்கும். நீலகிரி நெட்டைக்காலியின் விலாக் கோடுகளை மேலே சொன்னேன் அல்லவா, இரண்டையும் பிரிப்பதற்கு அது போதும். நிறத்திலும் மலைப்பறவை இன்னும் சிவந்திருக்கும்.

"அப்ப இது நீலகிரியில மட்டும்தான் இருக்கா?"

நீலகிரியின் பெயர் இருந்தாலும் நீலகிரிக்கு மட்டும் சொந்தமில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் உயரமான புல்வெளி எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கே இருக்கும். நீலகிரி, ஆனைமலையின் மேல்பகுதி, அதை ஒட்டிய மூணாறு இரவிகுளம் மேடுகள், பழனிமலை. அவ்வளவுதான். உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அறிவியலுக்கு இதை முறையாக அறிமுகம் செய்தவர் ரிச்சர்ட் பௌட்லர் ஷார்ப் என்ற ஆங்கிலேயப் பறவையியலாளர், ஆண்டு 1885.

அந்த மலைகளிலும் எல்லா இடத்திலும் இல்லை. பெரும்பாலும் 2,000 மீட்டருக்கு மேலேதான். குன்னூர், கோத்தகிரி உயரத்துக்கு இறங்கிவிட்டால் தேடிப் பயனில்லை. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் தாழ்வாகக் கிடக்கிறது. உச்சிப் புல்லை விட்டு இறங்காத பறவைக்கு அது ஒரு கடல் மாதிரி.

"கொடைக்கானல் போறோம். அங்க பார்க்கலாமா?"

பழைய பட்டியல்களில் பழனிமலையும் இதன் இருப்பிடமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியல் எழுதப்பட்ட பழனிமலை இப்போது இல்லை. 1973 முதல் 2014 வரையான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று, அங்கே மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று காட்டியது. அந்த இடத்தில் இப்போது சீகை (வாட்டில் என்னும் அயல்மரம், சீயக்காய் அல்ல), பைன், கற்பூர மரம் (யூகலிப்டஸ்) ஆகியவற்றின் தோப்புகளும் காய்கறித் தோட்டங்களும்.

பெரிஜம் தாண்டி வந்தரவு வரைக்கும் 2,500 மீட்டரைத் தொடும் மேடுகள் உண்டு. மன்னவனூர்ப் பக்கமும் புல்வெளி உண்டு. ஆனால் மன்னவனூரில் நெட்டைக்காலி ஒன்றைப் பார்த்தவுடன் இதுதான் என்று முடிவு செய்துவிடாதீர்கள், வயல் நெட்டைக்காலியும் மலை ஏறும். விலா தெரிகிற மாதிரி ஒரு படம் எடுங்கள். பழனிமலையிலிருந்து வரும் உறுதியான பதிவு ஒவ்வொன்றுக்கும் மதிப்பு அதிகம்.

"எந்த மாசம் வரணும்? எங்க நின்னா தெரியும்?"

இது வலசை போகாத பறவை, வருடம் முழுக்க இங்கேயே இருக்கும். பார்ப்பதற்கு வசதி மார்ச் முதல் மே வரை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் அவலாஞ்சி, மேல்பவானிப் பக்கம் எதிரே நிற்கிற ஆளே தெரியாத அளவுக்கு மூடுபனி. காலையில் வெயில் ஏறும் நேரம் நல்லது.

முக்குறுத்தி தேசியப் பூங்காதான் இதன் பெரிய கோட்டை. ஆனால் நினைத்தபடி அங்கே நுழைய முடியாது, வனத்துறை அனுமதி வேண்டும். கூடலூர் சாலையில் ஒன்பதாவது மைல், சூட்டிங்மட்டம் பகுதிகளிலும் புல்மேடு உண்டு, அங்கே கூட்டமும் உண்டு. எந்த இடமானாலும் சரிவில் இறங்கி ஓடிப் பார்க்காமல், பாதையில் ஓரிடத்தில் நின்று புல்லை மெதுவாகப் பாருங்கள். சதுப்பான பள்ளங்களின் ஓரம், பாறை துருத்திய சரிவு, இவற்றைக் கவனியுங்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வர 2024 மே முதல் இ-பாஸ் தேவை என்பதையும் மறக்க வேண்டாம்.

"என்ன சாப்பிடும்? பொரி போட்டா வருமா?"

பூச்சி, கொஞ்சம் புல்விதை. பொரிக்கு வராது, போடவும் கூடாது. பொரிக்கு வருவது காக்கை. காக்கை வந்தால் அடுத்தது தரையில் இருக்கும் முட்டைக்கு ஆபத்து.

"மரமே இல்லையே, கூடு எங்க கட்டும்?"

தரையில்தான். ஒரு புல்தூரின் அடியில், மேலே வளைந்து விழுந்த தாள்களே கூரையாக, காய்ந்த புல்லைக் கிண்ணம் போல வளைத்துக் கட்டியிருக்கும். பக்கத்தில் நின்று குனிந்து பார்த்தாலும் தெரியாது. புல்லை விலக்கினால்தான் தெரியும், தயவுசெய்து விலக்காதீர்கள். விலக்கிய புல் பழையபடி நிற்காது, கூடு காக்கைக்கும் கீரிக்கும் திறந்து கிடக்கும். முட்டை இரண்டு, மூன்று. காலம் பெரும்பாலும் ஏப்ரல் முதல் ஜூலை வரை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம் பள்ளி விடுமுறை, கோடை விழா, மலர்க் கண்காட்சி எல்லாம் சரியாக அந்தக் காலத்தில்தான். புல்மேட்டைப் பார்த்ததும் பிள்ளைகள் உருண்டு விளையாட ஓடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அதனால்தான் பாதையை விட்டு இறங்க வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

"போன்ல அதோட சத்தத்தைப் போட்டா வெளிய வருமாமே? போட்டோ எடுக்கத்தான்."

வரலாம். தன் இடத்துக்குள் வேறொரு பறவை புகுந்துவிட்டது என்று நினைத்து, அடை காப்பதையோ குஞ்சுக்கு இரை தேடுவதையோ விட்டுவிட்டு வரும். முந்தின பதிலில் சொன்ன மாதங்களில் இதைச் செய்வது அநியாயம். மற்ற மாதங்களிலும் தேவையில்லை. அசையாமல் அரைமணி நேரம் உட்கார்ந்தால் அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டு அருகிலேயே வரும், படமும் இயல்பாக இருக்கும்.

"இவ்வளவு பெரிய மொட்டை மேடு! முன்னாடி காடா இருந்து வெட்டிட்டாங்களா?"

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். வெட்டவில்லை. இந்த மேடுகள் ஆதியிலிருந்தே புல்வெளிதான். நீலகிரிச் சதுப்புகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து மக்கிய கரிமண்ணைத் தோண்டி ஆராய்ந்திருக்கிறார்கள். புல்லும் மரமும் காற்றிலிருந்து கரியை (கார்பனை) சேர்க்கும் விதம் வேறு வேறு என்பதால், எந்த அடுக்கில் எது செழித்தது என்று அந்த மண்ணே சொல்லிவிடும். 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல்வெளி இருந்தது. வெயிலும் மழையும் மாறமாறப் புல்லும் சோலையும் ஒன்றையொன்று கொஞ்சம் தள்ளியிருக்கின்றன, அவ்வளவுதான்.

மடிப்புகளிலும் ஓடைப் பள்ளங்களிலும் சோலைக்காடு, மேட்டில் புல் என்று பிரிந்து நிற்பதற்கு முக்கியமான காரணம் உறைபனி. டிசம்பர், ஜனவரியில் திறந்த வெளியில் இரவு வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே போகும். காலையில் புல் முழுக்க வெள்ளை பூத்திருக்கும். சோலை மரக்கன்று அதில் கருகிவிடும். புல்லுக்கு மேல்தாள் காய்ந்தாலும் வேர்த்தூர் உயிரோடு இருக்கும், மழை வந்ததும் துளிர்க்கும். தோடர்களின் எருமைகள் மேய்வதும், அவர்கள் கோயிலுக்குக் கூரை வேயப் புல் எடுப்பதும், வரையாடு வாழ்வதும் இந்த நிலத்தில்தான். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை குறிஞ்சி பூப்பதும் இங்கேதான், 2018இலும் பூத்தது. மரம் இல்லை என்பதற்காக இதை "சும்மா கிடக்கிற நிலம்" என்று சொல்வது எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

"அப்ப சீகை மரமெல்லாம் எப்படி வந்துச்சு?"

வெள்ளைக்காரர்கள் ஊட்டியில் குடியேறியபோது விறகுக்குத் திண்டாடினார்கள். சோலையை வெட்டினார்கள், போதவில்லை. 19ஆம் நூற்றாண்டிலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையும் கற்பூர மரமும் வந்தன. நாடு விடுதலை பெற்ற பிறகு 1980கள் வரை அவற்றைப் பெரிய அளவில் நட்டார்கள். தோல் பதனிடச் சீகைப் பட்டை, ஆலைகளுக்கு மரக்கூழ். கணக்கேட்டில் புல்வெளி தரிசு என்றுதான் இருந்தது, அதனால் நடுவதற்கு யாரும் தயங்கவில்லை.

நடுவது நின்றும் பரவுவது நிற்கவில்லை. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மஞ்சளாகப் பூக்கும் ஸ்காட்ச் புரூம் என்ற புதரும் அப்படியே. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி உயர்மலைகளில் சுமார் 40 ஆண்டுகளில் 340 சதுர கிலோமீட்டர் புல்வெளி அயல்மரங்களுக்குப் போய்விட்டது, கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு.

"மரம் நடறது நல்ல காரியம்தானே? நாங்க 500 கன்று கொண்டு வந்திருக்கோம்."

மனசு நல்ல மனசு. இடம் தப்பு. புல்மேட்டில் நடப்படும் எந்த மரமும், நாட்டு மரமாகவே இருந்தாலும், நெட்டைக்காலியின் வீட்டுக்குள் நடப்படும் மரம்தான். அந்தக் கன்றுகளை ஊருக்குள், பள்ளி வளாகத்தில், மரம் வெட்டுப்பட்ட தோட்ட ஓரத்தில் நடுங்கள். சோலைக் கன்று என்றால் சிதைந்த சோலையின் ஓரத்தில், வனத்துறையைக் கேட்டு நடுங்கள். புல்மேட்டுக்கு ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்றால், முளைத்துவரும் சீகைக் கன்றை வேரோடு பிடுங்கும் வேலை இருக்கிறது. அதற்கும் அனுமதி வேண்டும், ஆளும் நிறைய வேண்டும்.

"ஒரு புத்தகத்துல படிச்சேன், இது பயந்தா மரத்துல ஏறி உட்காருமாம். அப்ப மரம் அதுக்கும் நல்லதுதானே?"

படித்தது சரி. விரட்டினால் தாழப் பறந்துபோய் அருகில் உள்ள புதரிலோ மரத்திலோ உட்காரும். அது சற்று நேரம் ஒதுங்குவதற்கு, அவ்வளவுதான். இரையும் கூடும் தரையில், புல்லில். ஒரு சரிவில் அங்கங்கே ஒரு புதர் இருப்பதும், சரிவே தோப்பாக மாறுவதும் ஒன்றல்ல. தோப்பின் நிழலில் இந்தப் புல் வளராது, புல் இல்லாவிட்டால் பறவையும் இல்லை.

2020இல் வெளியான ஆய்வு ஒன்று, இந்தப் பறவை வாழும் பகுதிகளில் பெரும்பாலானவற்றில் 170 இடங்களில் தேடிப் பார்த்தது. உயரம் கூடக்கூட இருப்பதற்கான வாய்ப்பு கூடுகிறது, பரந்த புல்வெளியில் அதிகம், தனித்துப்போன துண்டுகளில் குறைவு, அயல்மரங்கள் புகுந்த இடத்தில் எண்ணிக்கை சரிகிறது என்று அது கண்டது.

"சரி, சீகையை எல்லாம் ஒரே மூச்சா வெட்டிட்டா முடிஞ்சுதா?"

முடியாது. வெட்டினால் வெளிச்சம் மண்ணில் விழும், மேலே சொன்ன மண்ணுக்குள் கிடக்கும் விதையெல்லாம் ஒரே சமயத்தில் முளைக்கும். இரண்டு வருடத்தில் முன்பைவிட அடர்த்தியாக நிற்கும். வெட்டுவதற்குச் செலவழிக்கிற பணத்தைவிட, தொடர்ந்து பல ஆண்டுகள் கன்று பிடுங்கவும் உள்ளூர்ப் புல்லை நட்டு வளர்க்கவும் ஆகும் பணம்தான் பெரிது.

இன்னொன்று. பழனிமலையில் பழைய தோப்புகள் சிலவற்றின் நிழலில் சோலைக் கன்றுகள் தானாக வந்துகொண்டிருக்கின்றன. அங்கே போய் மொட்டையடித்தால் சோலையும் போகும், புல்லும் வராது. என் கருத்து இதுதான்: முதலில் இன்னும் புல்லாகவே இருக்கும் இடத்தின் ஓரங்களைக் காப்பாற்ற வேண்டும், அங்கே முளைக்கும் இளங்கன்றை அகற்ற வேண்டும். நெடுநாளாய்த் தோப்பான இடத்தைப் பற்றிப் பிறகு, இடம் பார்த்து முடிவு செய்யலாம். 2022இல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களை அகற்றத் தனிக் கொள்கையும், வரையாடு திட்டமும் அறிவித்தது. வரையாட்டுக்காக மீளும் புல் இந்தக் குருவிக்கும் புல்தான்.

"தீ வச்சா புது புல்லு வரும்னு பெரியவங்க சொல்வாங்களே?"

வரும், பொய்யில்லை. இரவிகுளத்தில் வரையாட்டின் மேய்ச்சலுக்காகத் திட்டமிட்டு, பகுதி பகுதியாக எரிப்பதும் உண்டு. ஆனால் அது பழகியவர்கள் காற்றும் ஈரமும் பார்த்துச் செய்யும் வேலை. தனி ஆள் ஒருவர் தீப்பெட்டி எடுப்பது சட்டப்படி குற்றம். ஏப்ரலுக்குப் பிறகு பிடிக்கும் தீ கூட்டோடு குஞ்சையும் எரிக்கும். பக்கத்தில் சீகை இருந்தால் சூட்டில் அதன் விதையும் முளைத்துக்கொள்ளும்.

"இது அழிஞ்சு போயிடுமா?"

எந்த உயிரினத்துக்கு எவ்வளவு ஆபத்து என்று வரிசைப்படுத்தும் உலகளாவிய செம்பட்டியலில் இது அழிவாய்ப்புள்ள இனம். முன்பு சொன்ன 2020 ஆய்வு, சில இடங்களில் இது ஏற்கெனவே இல்லாமல் போய்விட்டது என்கிறது. சமீபத்தில் துண்டுபட்ட புல்வெளிகளில் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. பறவை கண்ணில் படுவதால் அந்த இடம் நலமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. புல் போன விளைவு பறவையின் எண்ணிக்கையில் தெரிய வருடங்கள் ஆகும்.

வெயில் கூடுவது அடுத்த கவலை. சமவெளிப் பறவை மலையேறித் தப்பிக்கலாம். இது ஏற்கெனவே உச்சியில் இருக்கிறது. நீலகிரியின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான், அதற்கு மேல் மலை இல்லை. ஆனாலும் முக்குறுத்தியிலும் இரவிகுளத்திலும் பரந்த புல்வெளி இன்னும் இருக்கிறது. அதனால் நம்பிக்கையோடுதான் பேசுகிறேன்.

"பொங்கல் பறவைக் கணக்கெடுப்புல ஒரு நெட்டைக்காலி பார்த்தேன். எதுன்னு எப்படிப் பதியறது?"

ஜனவரியில் இது கடினம். உள்ளூர்ப் பறவைகளோடு வடக்கிலிருந்து வலசை வந்த நெட்டைக்காலிகளும் மலையில் இருக்கும். சோலை ஓரத்திலோ தோப்புக்குள்ளோ நடந்து, முதுகு பச்சை கலந்த நிறமாக, காதோரம் ஒரு வெள்ளைப் புள்ளியும் கறுப்புப் புள்ளியும் இருந்தால் அது வலசை வந்தது. உயரமாக, நிமிர்ந்து, நீண்ட காலோடு, விலாவில் கோடில்லாமல் இருந்தால் வயல் நெட்டைக்காலியோ அதைவிடப் பெரிய வலசைப் பறவையோ. திறந்த புல்லில், 2,000 மீட்டருக்கு மேலே, செம்பழுப்பு முதுகும் விலாவில் இறங்கும் கோடுகளும் சேர்ந்து தெரிந்தால் மட்டும் நீலகிரி நெட்டைக்காலி என்று எழுதுங்கள்.

இடத்தின் உயரத்தையும், சுற்றிலும் புல்லா தோப்பா என்பதையும் குறிப்பில் சேருங்கள். மங்கலான படமானாலும் இணையுங்கள். எதுவும் உறுதியாகத் தெரியாவிட்டால், இனத்தைச் சொல்லாமல் வெறுமனே நெட்டைக்காலி என்று பதிய, பறவைகளைப் பதியும் இணையதளமான இ-பேர்டில் இடம் இருக்கிறது, அதையே தேர்ந்தெடுங்கள்.